சூட்டு வலியா, பிள்ளை வலியா?

திருச்சி மலைக்கோட்டையில் இருக்கும் ஈசனுக்குத் தாயுமானவர் என்று பெயர் வந்த கதை காவிரிக் கரையில் எல்லோருக்கும் தெரியும். ரத்னாவதி என்ற வணிகர் வீட்டுப் பெண் நிறைமாதமாக இருக்கிறாள். அவளுக்குப் பேறு பார்க்கப் பூம்புகாரிலிருந்து தாய் புறப்பட்டு வருகிறாள். காவிரியில் வெள்ளம், கடக்க வழியில்லை. இந்தக் கரையில் தாய் தவித்துக்கொண்டிருக்க, அந்தக் கரையில் மகளுக்கு வலி கண்டுவிடுகிறது. அப்போது அந்தத் தாயின் உருவிலேயே வந்து பிரசவம் பார்த்துவிட்டுப் போனவர் சிவன். 'செட்டிப்பெண் மருத்துவம்' என்ற பெயரில் கோயில் திருவிழாவில் இதை இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள்.

பக்திக் கதைதான். ஆனால் டெல்டாவில் பிள்ளை பெற்ற ஒவ்வொரு குடும்பத்தின் பயமும் அதற்குள் இருக்கிறது. வலி எந்த நேரத்தில் வரும் என்று தெரியாது. வந்தது பிள்ளை வலிதானா என்பதும் உடனே புரியாது. புரிந்தபோது ஆறு குறுக்கே நிற்கும். கல்லணையைத் தாண்டியதும் காவிரி ஒரு நதியாக இருப்பதில்லை. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து வயலுக்கு வயல் போகிறது. வடக்கே கொள்ளிடம் தனியாக அகன்று ஓடுகிறது. பாலங்கள் குறைவாக இருந்த காலத்தில் ஐந்து மைல் தொலைவில் இருக்கும் மருத்துவமனைக்குப் போக இரண்டு ஆறு கடக்க வேண்டியிருந்த கிராமங்கள் இங்கே உண்டு.

அதனால் வீட்டில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கு முதல் வேலை பிள்ளையை எடுப்பது அல்ல, வலியைப் படிப்பது. வாசலில் நுழைந்ததும் அவள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது சூட்டு வலியா, பிள்ளை வலியா? சூட்டு வலிக்கு இரவு முழுக்க உட்கார்ந்திருந்தால் மறுநாள் நடவு வேலை போய்விடும். பிள்ளை வலியைச் சூட்டு வலி என்று சொல்லிவிட்டு எழுந்து போனாலோ, போவது உயிர்.

அவள் செய்த சோதனை பல வீடுகளில் இன்றும் நடக்கிறது. சீரகத்தை வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, பனைவெல்லமோ கொஞ்சம் நெய்யோ சேர்த்துக் குடிக்கக் கொடுப்பார்கள். பிறகு படுக்கச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். சூட்டு வலி என்றால் அடங்கிவிடும். பிள்ளை வலி என்றால் கூடும். அதோடு மருத்துவச்சி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வலி வரும்போது வயிறு கல்லாக இறுகி, போகும்போது முழுவதும் இளகுகிறதா, அடுத்த இறுக்கம் வர ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகிறதா, அதற்கும் முன்பே வந்துவிடுகிறதா என்று கையே பார்த்துச் சொல்லிவிடும்.

இதில் அறிவியல் எவ்வளவு என்று கேட்டால், பாதிக்கு மேல் என்பேன். சூட்டு வலி என்ற இந்தப் பொய்வலியை மருத்துவ உலகம் எழுதி வைத்தது 1872-இல். ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கருப்பை மாதக்கணக்காகவே அவ்வப்போது இறுகி இளகிக்கொண்டிருக்கிறது என்று விளக்கினார். அந்த இறுக்கங்கள் இன்று அவர் பெயரால் அறியப்படுகின்றன. அவற்றுக்கு ஒழுங்கு கிடையாது. அடிவயிற்றில் மட்டும் பிடிக்கும். நடந்தாலோ படுத்தாலோ தண்ணீர் குடித்தாலோ விட்டுவிடும். உடலில் நீர் வற்றினாலும் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலும் இவை அதிகமாகும். பகல் முழுக்க வெயிலில் நாற்றுப் பறித்துவிட்டு, தண்ணீர் குடிக்க மறந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு மாலையில் வயிறு இறுகுவதில் வியப்பில்லை. 'சூடு' என்று நம் பெண்கள் சொன்ன காரணத்தை உடலின் நீர்க்குறைவு என்று படித்தால் அது சரியாகவே பொருந்துகிறது. ஆகவே அந்தக் கஷாயத்தில் வேலை செய்வது சீரகத்தைவிட அதோடு போகும் தண்ணீரும், படுக்கையும், பொறுமையாகக் கவனித்த அந்த ஒரு மணி நேரமும்தான் என்பது என் கணிப்பு. ஒரு எச்சரிக்கையும் உண்டு. 37 வாரம் முடிந்த பெண்ணுக்குத்தான் இந்தச் சோதனை. அதற்கு முன் ஒழுங்காக வலி வந்தால் கஷாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது. குறைமாதப் பிரசவமாக இருக்கலாம், உடனே போக வேண்டும்.

பிள்ளை வலி என்ற மெய்வலி ஏன் ஒழுங்காக வருகிறது? கர்ப்ப காலம் முழுவதும் கருப்பைத் தசையின் செல்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஓரத்தில் கொஞ்சம் இறுகும், அங்கேயே அடங்கிவிடும். நடவு வயலில் ஆளுக்கொரு மூலையில் நின்று ஆளுக்கொரு வேகத்தில் நட்டால் எப்படியிருக்கும், அப்படி. பேறுகாலம் நெருங்கும்போது செல்லுக்கும் செல்லுக்கும் இடையே நுண்ணிய பாலங்கள் பெருகுகின்றன. கனெக்சின்-43 என்ற புரதத்தால் ஆனவை அவை. அதன்பின் ஒரு செல்லில் எழும் மின்துடிப்பு நொடிகளில் கருப்பை முழுவதும் பரவிவிடுகிறது. இப்போது எல்லோரும் ஒரே வரிசையில் குனிந்து, ஒரே தாளத்தில் நட்டபடி பின்னால் நகர்கிறார்கள். முதுகில் தொடங்கி முன்னால் சுற்றி வரும் வலி, விட்டு விட்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நெருங்கி, கொஞ்சம் நீண்டு, கொஞ்சம் கடுத்து வருவது இதனால்தான்.

இத்தனை நாளும் கருப்பையை அமைதியாக வைத்திருந்தது புரோஜெஸ்டிரான். ஆடு போன்ற விலங்குகளில் பிரசவத்துக்கு முன் ரத்தத்தில் அதன் அளவு விழுந்துவிடும். மனிதரில் அளவு குறைவதில்லை. தசைதான் அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொள்கிறது. மறுபுறம் ஆக்ஸிடோசினுக்குச் செவி சாய்க்கும் ஏற்பிகள் பெருகுகின்றன. குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்த அழுத்த மூளையிலிருந்து இன்னும் ஆக்ஸிடோசின் வரும். அது இன்னும் இறுக்கும். தலை இன்னும் அழுத்தும். அதனால்தான் மெய்வலி ஒருமுறை பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை. இரவில் சுரக்கும் மெலடோனின் இந்த ஆக்ஸிடோசினுக்குத் துணைபோகிறது என்று கருப்பைத் தசையில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ராத்திரியில்தான் வலி எடுக்கும் என்று பாட்டிமார் சொன்னதில் உண்மை உண்டு. டெல்டாவில் அதன் பொருள், பேருந்து நின்றுபோன நேரத்தில் வலி எடுக்கும் என்பதுதான்.

வலிக்கு முன்னால் வரும் அறிகுறிகளையும் நம் பெண்கள் நுட்பமாகவே கவனித்தார்கள். 'வயிறு இறங்கிடுச்சு' என்பார்கள். குழந்தையின் தலை இடுப்பெலும்பு வளையத்துக்குள் இறங்குவதைத்தான் சொல்கிறார்கள். மூச்சு விட இதமாகும். அடிக்கடி சிறுநீர் முட்டும். தலைப்பிரசவத்தில் இது இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே நடக்கலாம். அடுத்தடுத்த பிள்ளைகளில் பெரும்பாலும் வலி தொடங்கிய பிறகுதான் தலை இறங்கும். அதனால் 'இன்னும் வயிறு இறங்கவில்லையே' என்று இரண்டாவது பிரசவத்தில் அலட்சியமாக இருக்கக் கூடாது. கருப்பை வாயை அடைத்திருந்த சளி லேசான ரத்தக் கோடுகளோடு வெளிப்படுவது இன்னொரு அறிகுறி. அது வந்த அன்றே பிரசவம் ஆகலாம், சில நாள் கழித்தும் ஆகலாம். ஆனால் சளியில்லாமல் சிவப்பாக ரத்தம் மட்டும் போனால் அது அறிகுறி அல்ல, ஆபத்து. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்திருக்கலாம், அல்லது கருப்பை வாயை மறித்துக்கொண்டு இருக்கலாம்.

பனிக்குடம் உடைவதில் குழப்பம் அதிகம். சிறுநீரா, பனிக்குட நீரா என்று பலருக்குத் தெரிவதில்லை. சிறுநீரை அடக்க முடியும்; இது அடங்காமல் கசியும். மருத்துவமனையில் இதற்கு எளிய சோதனை இருக்கிறது. பிறப்புறுப்பு இயல்பாக அமிலத்தன்மை உடையது. பனிக்குட நீர் லேசான காரத்தன்மை கொண்டது. ஆகவே சோதனைத் தாள் நீலமாக மாறும். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் உலரவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பெரணி இலை போல உப்புப் படிந்திருக்கும். நிறைமாதப் பெண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் வலிக்கு முன்பே குடம் உடைந்துவிடுகிறது. வலி இல்லையே என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். மணிக்கணக்கு ஏற ஏறக் கிருமித் தொற்றும் ஏறும். நீர் பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். தலை இறங்காமல் குடம் உடைந்தால் நீரோடு தொப்புள்கொடி சரிந்து வெளியே வந்துவிடலாம். அப்போது குழந்தைக்கு நேரம் நிமிடக் கணக்கில்தான்.

பாட்டிமார் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பிரசவம் நெருங்கும்போது பிள்ளை அசையாமல் அமைதியாகிவிடும் என்பார்கள். தவறு. இடம் குறுகுவதால் உதையின் தன்மை மாறலாம். அசைவு குறையக் கூடாது. சாப்பிட்டுவிட்டு இடதுபக்கம் சாய்ந்து படுத்து எண்ணிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தெரியாவிட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

தஞ்சாவூர் மாவட்டத்துக் கர்ப்பிணிகளிடம் அறிகுறிகளைப் பற்றிப் பேசினால் திருக்கருகாவூர் வராமல் போகாது. கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் கொடுக்கும் விளக்கெண்ணெயை வலி எடுக்கும்போது வயிற்றில் தடவிக்கொள்வார்கள். தடவிவிடும் கையின் இதத்தையும், துணை இருக்கிறது என்ற தெம்பையும் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அவை பிரசவத்துக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் அதே விளக்கெண்ணெயைக் குடிப்பது வேறு கதை. அதிலுள்ள ரிசினோலியிக் அமிலம் குடலிலும் கருப்பையிலும் உள்ள ஈபி3 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது என்று 2012-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். பேதியாகி நீர் வற்றும், கருப்பையும் இறுகும். எவ்வளவு இறுகும் என்பது நம் கையில் இல்லை. வயிற்றுக்கு மேல் தடவுங்கள், உள்ளே கொடுக்காதீர்கள்.

இதைவிட அபாயமானது வீட்டுக்கு வந்து போடும் வலி ஊசி. 1995-இல் தமிழ்நாட்டில் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், வலியைச் சக்தியாக நினைக்கும் தமிழ்ப் பெண்கள் வலியைக் கூட்டும் மருந்தைத் தாமே கேட்டு வாங்கியதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த மருந்து ஆக்ஸிடோசின் வகையைச் சேர்ந்தது. மருத்துவமனையில் அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே அளவைக் கூட்டுவார்கள். பிள்ளை பிறப்பதற்கு முன் வீட்டில் மொத்தமாக ஊசியில் ஏற்றினால் கருப்பையே கிழிந்துபோகலாம்.

வலி மெய்யானது என்று தெரிந்துவிட்டது. அது சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்? 'ரெண்டு விரல் திறந்திருக்கு' என்று செவிலியர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கருப்பை வாய் பத்து சென்டிமீட்டர் திறக்க வேண்டும். 1950-களில் நியூயார்க்கில் இமானுவேல் ஃபிரீட்மன் அந்தத் திறப்பை நேரத்துக்கு எதிராக வரைபடமாக்கினார். ஆனால் அதைப் பாமர மக்களின் உயிர்காக்கும் கருவியாக்கியவர்கள் ஃபில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள். இடம், அன்று ரொடீசியா எனப்பட்ட ஜிம்பாப்வே, ஆண்டு 1972. அங்கே சிறு நிலையங்களில் மருத்துவச்சிகள்தான் பிரசவம் பார்த்தார்கள். அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனை தொலைவில் இருந்தது. பிரசவம் பின்தங்குகிறது என்று தெரிந்தபின் வண்டி ஏற்றினால் தாமதமாகிவிடும். ஆகவே வரைபடத்தில் இரண்டு கோடுகளை இழுத்தார்கள். முதல் கோடு எச்சரிக்கை: தாண்டினால் வண்டியைக் கூப்பிடு. அடுத்த கோடு செயல்: தாண்டினால் மருத்துவர் இறங்க வேண்டும். இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம். அந்த இடைவெளி பயணத்துக்கு விட்ட நேரம்!

மகப்பேற்று மருத்துவத்தில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். தாயின் உடலையும் ஊரின் சாலையையும் ஒரே தாளில் வரைந்தார்கள். அந்தத் தாள் உலகமெங்கும் போயிற்று. பின்னாளில் பெண்ணுக்குப் பெண் வேகம் மாறுபடும், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று எல்லோரையும் அவசரப்படுத்த வேண்டாம் என்று புரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் தீவிரப் பிரசவம் ஐந்து சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது என்று திருத்தி, 2020-இல் புதிய கண்காணிப்புத் தாளை வெளியிட்டது.

இவ்வளவு அறிகுறிகளைப் படித்தறிந்தபின் வீட்டிலேயே ஏன் பெறக் கூடாது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் நியாயமான வேதனையும் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. அதே ஆய்வு, நூற்றுக்குக் கிட்டத்தட்ட 45 பிரசவங்கள் அறுவை சிகிச்சையில் முடிவதாகவும் சொல்கிறது. அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துப் பயப்படும் பெண்ணை அறியாதவள் என்று ஒதுக்க எனக்கு உரிமையில்லை. அந்த எண் குறைய வேண்டும். வலியில் கத்தும் பெண்ணிடம் கடுஞ்சொல் பேசும் வழக்கமும் ஒழிய வேண்டும்.

ஆனாலும் வீட்டில் வேண்டாம். காரணம், மேலே சொன்ன அறிகுறிகள் எல்லாம் பிள்ளை எப்போது வரும் என்றுதான் சொல்கின்றன. பிள்ளை வந்த பிறகு என்ன நடக்கும் என்று அவற்றில் ஒன்றுகூடச் சொல்வதில்லை. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறையாமல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் அந்தக் குழாய்கள் திறந்தபடி நிற்கும். கருப்பைத் தசை குறுக்கும் நெடுக்குமாக இறுகி அவற்றை நெரித்து அடைக்க வேண்டும். தசை தளர்ந்து கிடந்தால் அடைக்க யாரும் இல்லை. சிகிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தாய் இறந்துபோகலாம். வலி ஒழுங்காக வந்து, குடம் நேரத்தில் உடைந்து, பிள்ளை சுகமாகப் பிறந்த பெண்ணுக்கும் இது வரும். 2018 ஜூலையில் திருப்பூரில் இணையக் காணொளி பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்தபோது இறந்த இளம் ஆசிரியைக்கு நடந்தது இதுதான். குழந்தை நலமாகப் பிறந்தது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. பிள்ளை பிறந்ததும் போடும் பத்து யூனிட் ஆக்ஸிடோசின் ஊசிதான் இதற்கு முதல் காப்பு. இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டிய மருந்து அது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டியில் இருக்கும், வீட்டில் இருக்காது. அதுவும் போதாதபோது தேவைப்படும் ரத்தமும் அறுவை அரங்கும் தஞ்சாவூர் ராசா மிராசுதார் போன்ற பெரிய மருத்துவமனைகளில்தான்.

அப்படியானால் பாட்டிமாரின் கைப்பழக்கம் வீணா? இல்லை. மருத்துவச்சியை எப்போது கூப்பிடுவது என்று முடிவு செய்யப் பயன்பட்ட அதே கவனிப்பு, வீட்டை விட்டு எப்போது புறப்படுவது என்று முடிவு செய்ய அப்படியே பயன்படுகிறது. தலைப்பிரசவமா? ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடிக்கும் வலி ஒரு மணி நேரமாக வந்தால் புறப்படலாம். தொலைவு அதிகமென்றால் இன்னும் முன்பாகவே. இரண்டாவது பிள்ளை என்றால் பத்து நிமிட இடைவெளியிலேயே கிளம்புங்கள். குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ வலிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். 108-ஐ அழைத்துவிட்டுப் பையை எடுங்கள். கூடவே வயிற்றில் கை வைத்துப் பார்க்கத் தெரிந்த அந்த மூத்த பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள். அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணையாக ஒரு பெண்ணை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, கேட்டு வாங்குங்கள். இடைவிடாத துணை இருந்தால் அறுவை சிகிச்சையின் தேவை குறைகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. ரத்னாவதிக்கு வேண்டியிருந்ததும் அந்தக் கை அல்லவா?

இன்னும் ஒன்று. குறித்துக் கொடுத்த தேதியில் பிறக்கும் குழந்தை நூற்றுக்கு நான்கைந்துதான். 37-ஆம் வாரம் முடிந்ததும் எந்த இரவும் அந்த இரவாக இருக்கலாம். மலைக் கிராமங்களின் பெண்கள் முன்கூட்டியே வந்து தங்கச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறைகள் கட்டியிருக்கிறார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் நிறைமாதப் பெண்களை முன்னதாகவே மருத்துவமனையில் சேர்ப்பதும் இப்போது வழக்கமாகியிருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கச் சாலைகளையெல்லாம் மரங்களால் மூடியதைக் கண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் தேதி உள்ள பெண் உங்கள் வீட்டில் இருந்து, வீடு ஆற்றுக்கு அக்கரையிலோ கொள்ளிடத்துப் படுகையிலோ இருந்தால், வலி வரட்டும் என்று இருக்காதீர்கள். 37-ஆம் வாரம் முடிந்ததும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டுக்கு அவளை அழைத்து வந்துவிடுங்கள்.